சட்டையில் குத்தாத மெடல்

முன் போர்ஷன் அண்ணன்கிட்ட ஒரு சேதி சொல்லி அனுப்பினா, போய்ச் சேர்ற இடத்துல அது வேற சேதியா இருக்கும். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு மாமியார் தேவைப்பட்டாங்க.

நாங்க அப்ப திருச்சி தென்னூர்ல ஒரு காம்பவுண்டுல குடியிருந்தோம். ஒரே கேட், மூணு போர்ஷன், நடுவுல குழாயடி. முன்னால அவரும் அவர் சம்சாரமும். நடுவுல நாங்க. பின்னால ஒரு சிலோன் அக்காவும் அவங்க பொண்ணு தர்ஷினியும். அவர் பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆகி வந்து, கைலாசபுரம் பக்கம் ஒரு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டியா இருந்தாரு. தெருவே அவரை மிலிட்டரின்னு கூப்பிடும். நான் அண்ணேன்னு கூப்பிடுவேன். அந்த உசரத்தையும் மீசையையும் பாத்தா அதட்டுற ஆளுன்னு தோணும். வாயைத் திறந்தா தூங்குற குழந்தைக்குப் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி பேசுவாரு.

மாமியார் கதைக்கு வரேன். அவங்க ஸ்ரீரங்கத்துல என் கொழுந்தனார் வீட்டுல இருந்தாங்க. ஒரு வளைகாப்புல நாலு பேரை வச்சுக்கிட்டு என் சமையலைப் பத்தி வாய்க்கு வந்ததைப் பேசிட்டுப் போயிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல அன்னிக்கு முழுக்க அழுதுக்கிட்டே பாத்திரம் தேய்ச்சேன். அண்ணன் சனிக்கிழமையானா தன்னோட மொபெட்டை எடுத்துக்கிட்டு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போவாரு. அவரை கேட் பக்கத்துல நிறுத்தி, "அண்ணே, எங்க மாமியார்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. இனிமே என் வீட்டு வாசப்படியை மிதிக்க வேணாம்னு சொல்லுங்க. இப்படியே சொல்லணும், ஒரு எழுத்து மாத்தக் கூடாது"ன்னேன். தலையை ஆட்டிட்டுப் போனாரு.

மறுநாள் காலையில வாசல்ல ஆட்டோ. மாமியார் எறங்கறாங்க. ஒரு கையில முறுக்கு டின்னு, இன்னொரு கையில மாத்துப்புடவை வச்ச பை. "ஏம்மா, என்னை நெனச்சு அழுதியாமே? ஒரு போன் பண்ணக் கூடாதா? நான் என்ன வேத்து மனுசியா?"ன்னு என் மோவாயைப் புடிச்சுக்கிட்டாங்க. அந்த ஆடி மாசம் முழுக்க எங்க வீட்டுலதான் இருந்தாங்க.

சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்தவரை விடலையே நான். "அழுதேன்னா போய்ச் சொன்னீங்க?"

"நீங்க அழலையா?"

"கோவத்துல அழுதேன் அண்ணே!"

"அதான். அழுதாங்கன்னு சொன்னேன். மீதியை அவங்களே சேத்துக்கிட்டாங்க."

இந்த மனுசன்கிட்ட என்னத்தைச் சண்டை போடறது? பொய் சொன்னாருன்னும் சொல்ல முடியாது. பாதியை வச்சுக்கிட்டு பாதியைக் குடுப்பாரு. எந்தப் பாதி சண்டையை மூட்டுமோ அது அவர் வயித்துக்குள்ளேயே போயிடும்.

எங்க வீட்டு ஓனர் மாடியில இருந்தாரு. சரியான கத்தல் பேர்வழி. தண்ணி மோட்டார் அவர் சொல்ற நேரத்துக்கு மேல ஓடிடுச்சுன்னா மாடியில இருந்தே, "எவ அவ மோட்டாரை நிறுத்தாம தூங்கறது? காயில் போச்சுன்னா உங்கப்பனா வருவான்?"ன்னு கத்துவாரு. பின் போர்ஷன் அக்காவுக்கு தையல் மெஷின் சத்தத்துல சரியா காதுல விழாது. "என்னவாம் அண்ணை?"ன்னு கேப்பாங்க. அண்ணன் குழாயடியில நின்னுக்கிட்டு, "எல்லாருக்கும் தண்ணி நெறஞ்சிடுச்சான்னு ஓனர் கேக்கறாரும்மா. நெறஞ்சா நிறுத்திடலாம்"பாரு. உடனே மாடியைப் பாத்து, "நிறுத்திட்டாங்க சார், மன்னிச்சுக்கச் சொன்னாங்க"ம்பாரு. அக்கா எங்க மன்னிப்புக் கேட்டாங்க? ஆனா ஓனர் உள்ள போயிடுவாரு. அக்காவும், ஓனர் வாய்தான் பெருசு, நல்ல மனுசன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க.

அவர் சம்சாரம், எனக்கு அண்ணி, இதைச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாங்க. "கல்யாணம் ஆனதுல இருந்து இவர் என்கிட்ட ஒரு நாளாவது நேராப் பேசியிருக்காரா? சாம்பார்ல உப்பு இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும். 'இன்னிக்கு சாம்பார் சாந்தமா இருக்கு'ன்னு சொன்னா, நான் எதைப் போடறது?"

எனக்கு நேர் எதிர் சுபாவம். மனசுல இருக்கறது வாயில வந்துடும், அதுவும் சூடா வந்துடும். அதனாலதானோ என்னவோ அவரைப் பாத்தா எனக்கு எரிச்சலும் வரும், ஆசையாவும் இருக்கும். இப்ப அவர் இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு, யாருக்கும் ஒரு கஷ்டம் குடுக்கல. ஆனா இன்னிக்கும் யாராவது என்கிட்ட "இதைப் போய் அவகிட்ட சொல்லிடு"ன்னா, அவர் ஞாபகம் வந்து சிரிச்சுடறேன்.

மெடலைப் பத்திச் சொல்லணும்.

ஆகஸ்ட் பதினஞ்சுக்கு பக்கத்து ஸ்கூல்ல கொடியேத்த அவரைக் கூப்பிடுவாங்க. வெள்ளைச் சட்டை போட்டு, இடது பக்கம் மெடல் குத்திக்கிட்டுப் போவாரு. பட்டாளத்து மெடலை ஒண்ணொண்ணா குத்த மாட்டாங்க போல. ஒரு பட்டியில வரிசையா கோத்து, பட்டியைத்தான் சட்டையில குத்தறது. அவர் பட்டியில இந்த ஓரத்துல ஒரு மெடல், அந்த ஓரத்துல ஒரு மெடல். நடுவுல ஒரு இடம் காலி. பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

எனக்கு எதையும் பாத்துட்டு சும்மா இருக்க வராதே. "என்ன அண்ணே, நடுவுல ஒண்ணு தொலைஞ்சு போச்சா?"ன்னு கேட்டேன்.

"இல்லம்மா. வீட்டுல இருக்கு."

"வீட்டுல இருந்தா? குத்திக்கிட்டா வரிசை அழகா இருக்குமே."

"இந்த மெடலெல்லாம் வீரத்துக்குக் குடுத்ததுன்னு நெனச்சுக்காதீங்க. அந்த நேரத்துல அந்த இடத்துல இருந்தவங்களுக்கெல்லாம் குடுத்தது. சமையல்காரருக்கும் உண்டு. முடி வெட்டறவருக்கும் உண்டு"ன்னு சொல்லிட்டு மொபெட்டை உதைச்சாரு. கேட்டதுக்கு அது பதிலே இல்லைன்னு கோலம் போட்டு முடிக்கறப்பதான் எனக்கு உறைச்சுது.

காலி இடத்தை மூடற மாதிரி ரெண்டையும் நெருக்கிக் கோத்துக்கலாம். அதையும் அவர் செய்யல. ஒவ்வொரு வருசமும் அந்த ஓட்டையோடயே போய்க் கொடியேத்திட்டு, முட்டாய் வாங்கிட்டு வருவாரு. அந்த முட்டாயை தர்ஷினிக்கும் என் பிள்ளைகளுக்கும் பிரிச்சுக் குடுப்பாரு.

சிலோன் அக்காவைப் பத்தியும் கொஞ்சம். யாழ்ப்பாணத்துக்காரங்க. கைக்குழந்தையோட படகுல வந்து, கேம்ப்புல இருந்து, அப்புறம் அனுமதி வாங்கி வெளிய வந்து தையல் மெஷின் போட்டவங்க. புருசன் கேம்ப்புலயே நெஞ்சுவலியில போயிட்டாரு. அவங்க தைக்கிற ஜாக்கெட்டுக்கு உறையூர்ல இருந்தெல்லாம் ஆள் வரும். சிரிச்ச முகம், ஆனா தன் ஊர்ப்பேச்சு வந்தா மெஷினை வேகமா மிதிக்க ஆரம்பிச்சுடுவாங்க. "எனக்கு ஒரு தம்பி இருந்தவன்"னு ஒரு தடவை சொன்னாங்க. இருந்தவன்னு சொன்னதுக்கு மேல யாரும் கேக்கல. சண்டையில போயிட்டான், இல்லைன்னா யாரோ புடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு காம்பவுண்டே தானா முடிவு பண்ணி வச்சிருந்துச்சு.

அண்ணன் அவங்களுக்குச் செய்யாத வேலை இல்ல. சிலிண்டர் தூக்கி வைக்கறது, மெஷினுக்கு பெல்ட் வாங்கிட்டு வர்றது, தாலுகா ஆபீசுக்குப் போனா கூடப் போய் வரிசையில நிக்கறது. ஆனா வீட்டுக்குள்ள போக மாட்டாரு. "உள்ள வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ அண்ணை"ன்னு அவங்க கூப்பிட்டா, "டூட்டிக்கு நேரமாச்சும்மா"ன்னுடுவாரு. லீவு நாள்லயும் அதேதான் சொல்லுவாரு.

தர்ஷினி படிச்சு ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலைக்குப் போனா. அங்கேயே வேலை பாத்த திருவானைக்காவல் பையனுக்கு இவளைப் புடிச்சுப் போச்சு. அவன் வீட்டுல மொதல்ல முறுக்கிக்கிட்டாங்க. சேதி கொண்டு போனது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம மிலிட்டரிதான். அங்க சொன்னதை இங்க சொல்லாம, இங்க சொன்னதை அங்க சொல்லாம, எப்படியோ ரெண்டு பக்கத்தையும் ஒரே பாய்ல உக்கார வச்சுட்டாரு. தட்டு மாத்திக்கிட்டாங்க.

அப்ப பையனோட பெரியம்மா ஒரு பேச்சைப் போட்டாங்க. பெரிய குரல், பெரிய மூக்குத்தி, முன்னால நடந்த பேச்சு எதுலயும் இல்லாதவங்க. "எங்க பக்கத்துல தாலி கட்டறதுக்கு முன்னாடி பொண்ணு நெத்தியில தாய்மாமன் பட்டம் கட்டணும். அது இல்லாம நாங்க பண்றதில்ல. பொண்ணுக்கு மாமன் யாரு?"

அக்கா தட்டுல இருந்த வெத்தலையைச் சரி பண்ணினாங்க. அப்புறம் வாசப்பக்கம் நின்னுக்கிட்டிருந்த அண்ணனைப் பாத்து, "எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார்"ன்னாங்க. "நீங்கள்தான் கட்ட வேணும் அண்ணை. நீங்கள் இல்லாட்டி இந்தப் பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?"

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அவர் சந்தோசத்துல ஏதாவது பதமாச் சொல்லுவாருன்னு பாத்தா, "பாப்போம்மா"ன்னுட்டு வெளிய போயிட்டாரு. பாப்போமா? அது என்ன பேச்சு?

அதுல இருந்து ஆள் கண்ணுலயே படல. காலையில மொபெட்டை ஸ்டார்ட் பண்ணாம தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போவாரு, பின் போர்ஷனுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. குழாயடிக்கு அண்ணி வந்தாங்க, அவர் வரல. அக்கா பத்திரிகை அடிக்கக் குடுக்கணும், தாய்மாமன் பேரு போடணும். என்கிட்ட வந்து, "நான் கேட்டது பிழையோ? அவருக்குப் பிடிக்கேல்லையோ? அகதிப் பிள்ளைக்கு முன்னுக்கு நிக்க வெக்கமோ?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டு எழுந்திருக்கறப்ப போய் நின்னேன். "ஊர்ல இருக்கறவன் சேதியெல்லாம் சுமக்கறீங்க, உங்க சேதி என்னன்னு சொல்ல வாய் வரலையா? ஒரு பொம்பளை வாயைத் திறந்து அண்ணான்னு கேட்டிருக்கா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லித் தொலைங்க. இப்படிப் பதுங்கினா அவ என்னன்னு நெனப்பா?"

அண்ணி என்னைத் தடுக்கல. "நல்லாக் கேளு"ன்னாங்க.

அவர் கை கழுவிட்டு பீரோவுல இருந்து ஒரு பழைய ஷேவிங் டப்பாவை எடுத்துட்டு வந்தாரு. திறந்தா, உள்ள அந்த மெடல். ரிப்பன் வெளுத்துப் போயிருந்துச்சு. ரிப்பன் மேல ஒரு சின்ன உலோகப் பட்டி, அதுல ஒரு நாட்டோட பேரு. விளிம்புல அவர் நம்பரும் பேரும் பொடி எழுத்துல வெட்டியிருந்துச்சு. பட்டியில இருந்த நாட்டுப் பேரைப் படிச்சேன். பின் போர்ஷன் அக்காவோட நாடு.

"நான் அங்க இருந்தேம்மா"ன்னாரு. "சண்டையை நிறுத்தன்னு இங்கேருந்து போன பட்டாளத்துல நானும் போனேன்."

அப்புறம் சொன்னாரு. அவர் பேசி நான் அவ்வளவு கேட்டது அன்னிக்குத்தான். தமிழ் தெரிஞ்ச ஆளுங்கறதால இவரை ரோட்டுச் சந்தியில ஒரு செக்போஸ்ட்டுல நிறுத்திட்டாங்களாம். ஆபீசர் இந்தியில சொல்றதை ஜனங்களுக்குத் தமிழ்ல சொல்லணும், அவங்க சொல்றதை ஆபீசருக்குச் சொல்லணும். "ஆபீசர் 'இவனுங்களை அந்தப் பக்கம் உக்கார வை, ஒருத்தன் அசையக் கூடாது'ன்னு கத்துவாரு. நான் 'அய்யா, மரத்தடியில கொஞ்சம் உக்காருங்க, கேட்டுட்டு அனுப்பிடுவாங்க'ம்பேன். ஒரு கிழவி மண்ணை வாரித் தூத்துவா. 'என்ன சொல்றா?'ம்பாரு. 'மகனைத் தேடி வந்திருக்காங்க சார்'ம்பேன். ரெண்டு பக்கமும் சூடு ஆறிச்சுன்னா ஒரு உயிர் மிஞ்சும்னு நெனச்சேன். அப்பப் புடிச்ச பழக்கம் இது. இன்னும் விடல."

"நல்லதுதானே அண்ணே செஞ்சிருக்கீங்க."

"அனுப்பிடுவாங்கன்னு சொன்னேனே. நெறைய பேரை அனுப்பினாங்க. சில பேரை வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. அவங்க வீடு திரும்பினாங்களான்னு எனக்குத் தெரியாது. என் பேச்சை நம்பித்தானே அந்த மரத்தடியில உக்காந்தாங்க? நான் பதமாச் சொல்லலைன்னா ஓடியிருப்பாங்களோ? இந்தத் தங்கச்சி வந்த புதுசுலயே ஊர்ப் பேரைச் சொல்லிடுச்சு. அதே ஊரு. நான் நின்ன அதே சந்தி. ஒரு தம்பி இருந்தவன்னு வேற சொல்லுது. நான் எப்படி அந்தப் புள்ள நெத்தியைத் தொடறது?"

அண்ணி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. "சொல்லாம விட்டுடுங்க, போய்க் கட்டிட்டு வந்துடுங்கன்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கறாரு"ன்னாங்க.

அவர் டப்பாவை என் கையில குடுத்தாரு. "நீங்க போய்ச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் உள்ளதை உள்ளபடி சொல்ல வரும். நான் போனா என் வாய் தானா மாத்திடும். அந்தத் தங்கச்சி கட்ட வேணாம்னு சொன்னா, அதையும் அப்படியே வந்து சொல்லணும். பூசி மொழுகக் கூடாது."

என் நிலைமையைப் பாருங்க. வாய் ஜாஸ்தின்னு வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கினவளை, வாய்க்காகவே தூது அனுப்பறாரு. குழாயடியைத் தாண்ட நாலு எட்டுதான். இந்தக் கல்யாணம் நின்னுடுமோ, இந்த ரெண்டு வீடும் மூஞ்சி பாக்காம போயிடுமோன்னு பயம். போயும் போயும் என் வாயால நடக்கணுமா?

அக்கா தர்ஷினியோட முகூர்த்த ஜாக்கெட்டுக்குக் கை வச்சுக்கிட்டு இருந்தாங்க. மெஷின் மேல மெடலை வச்சேன். எல்லாத்தையும் சொன்னேன். அதே ஊரு, அதே சந்தி, மரத்தடி, வண்டியில ஏத்தினது, ஒண்ணையும் விடல. சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் கடூரமா இருந்துச்சு.

அவங்க மெடலைத் தொடல. மெஷின் சக்கரத்தைக் கையால நிறுத்தினாங்க. அப்புறம், "அந்தச் சந்தியிலயோ?"ன்னு ஒரு தடவை கேட்டாங்க. நான் தலையை ஆட்டினேன்.

"வேற எங்கையாவது நிண்டனான் எண்டு சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பன். அவர் எல்லாத்தையும் மாத்திச் சொல்லுற ஆள்தானே."

"இதை மாத்தலக்கா. அதனாலதான் என்னை அனுப்பினாரு."

"எங்கட அப்பாவை அந்தச் சந்தியில வெயில்ல நிக்க வச்சவங்கள்"னாங்க. "வயசான மனுசன். வீட்ட வந்து ரெண்டு நாள் கதைக்கேல்லை. அதை நான் மறக்கேல்லை. மறக்கவும் மாட்டன். அதை அப்பிடியே போய்ச் சொல்லுங்கோ."

"சொல்றேன். தம்பி?"

அப்பதான் அவங்க நிமிர்ந்து பாத்தாங்க. "தம்பிக்கு என்ன?"

"தம்பியும் அங்கதான்... இல்லையா?"

"ஆர் சொன்னது? அவன் கடல்ல போனவன். நாங்கள் படகில வரேக்கை, எங்களுக்குப் பின்னால வந்த படகு கவிண்டு போச்சு. இந்தப் பட்டாளம் எல்லாம் அங்கயிருந்து போய்க் கனகாலத்துக்குப் பிறகு. அவர் இதையே இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள்ள வச்சுக்கொண்டு திரிஞ்சவர்?"

ஒரே காம்பவுண்டு, ஒரே குழாயடி. இத்தனை வருசத்துல "உங்க தம்பிக்கு என்னக்கா ஆச்சு?"ன்னு ஒரு ஆள் கேக்கல. பாவம், கேட்டா மனசு கஷ்டப்படும்னு எல்லாரும் நாகரிகமா இருந்தோம். நாசமாப் போன நாகரிகம்! அது ஒரு மனுசனை எத்தனை வருசம் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கு பாருங்க.

நான் எழுந்து ஓடப் போனேன். அக்கா என் கையைப் புடிச்சாங்க. "நீங்கள் போக வேண்டாம்"னு மெடலை எடுத்துக்கிட்டு அவங்களே வெளிய வந்தாங்க. அவர் குழாயடியில மோட்டார் மேடை மேல உக்காந்திருந்தாரு. இவங்களைப் பாத்ததும் எழுந்து நின்னாரு, அந்த உசரத்துக்கும் ஒடுங்கிப் போய்.

அக்கா தம்பி கதையைச் சொன்னாங்க. அப்பாவை வெயில்ல நிக்க வச்சதையும் சொன்னாங்க, என்கிட்ட சொன்ன அதே சூட்டோட. அவர் ரெண்டையும் கேட்டுக்கிட்டாரு. "மன்னிச்சுடும்மா"ன்னாரு. வழக்கமா பின்னால ஒட்டற ஒரு வார்த்தையும் ஒட்டல.

"இன்னொண்டும் கேளுங்கோ அண்ணை. கேட்டுட்டு அனுப்பிடுவினம் எண்டு நீங்கள் சொன்னதை அங்கை ஒருத்தரும் நம்பேல்லை."

"என்னம்மா?"

"ஒருத்தரும் நம்பேல்லை. துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறவன்ர கதையை ஆர் நம்புவினம்? சனம் உக்காந்தது ஓட இடமில்லாமல்தான். உங்கட பேச்சைக் கேட்டு ஒரு ஆளும் ஏமாறேல்லை."

அவர் பெரிய மீசையோட வாயைப் பிளந்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, அழுகையும் சிரிப்புமா, மூக்கெல்லாம் ஒழுகிக்கிட்டு. அண்ணி துண்டை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. அக்கா சொன்னது அப்படியே நெசமா, இல்ல அவருக்காகக் கொஞ்சம் பதமாக்கிச் சொன்னாங்களான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கேக்கவும் இல்ல. எனக்கு அப்ப நெஞ்சுல இருந்து பாறாங்கல்லை எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கிட்டேன்.

"பட்டம் கட்ட வருவியளோ மாட்டியளோ?"ன்னாங்க அக்கா.

"வரேன்."

"இப்ப உள்ள வந்து தேத்தண்ணி குடிப்பியளோ?"

"குடிக்கறேம்மா."

அன்னிக்குத்தான் அவர் பின் போர்ஷனுக்குள்ள போனாரு. தேத்தண்ணியைக் குடிச்சுட்டு, "எப்படி இருக்கு?"ன்னு அக்கா கேட்டதுக்கு, "சீனி கம்மி"ன்னாரு. அண்ணி என் தொடையில கிள்ளினாங்க.

மெடலை அவர் திருப்பி வாங்கிக்கல. அக்காவும் குடுக்கல. அது அவங்க மெஷின் டிராயர்ல, கொக்கிக்கும் பட்டனுக்கும் நடுவுல கெடந்துச்சு. அதுக்கப்புறமும் ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அவர் நடுவுல இடம் விட்டுத்தான் பட்டியைக் குத்திக்கிட்டுப் போனாரு. ஏன்னு நான் கேக்கல. ஆனா நடை மட்டும் மாறிப் போச்சு. காலையில மொபெட்டை எங்க வாசல்லயே உதைச்சு, தெருவே எழுந்திருக்கற மாதிரி ஸ்டார்ட் பண்ணுவாரு.

கல்யாணம் திருவானைக்காவல்ல ஒரு சின்ன மண்டபத்துல. பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில அவர் மாப்பிள்ளைக்கு அப்பா மாதிரி இருந்தாரு. ஐயர் கூப்பிட்டதும் போய் தர்ஷினி முன்னால நின்னாரு. சரிகைப் பட்டத்தைக் கையில எடுத்தவருக்கு எத்தனை தடவை சுத்தியும் முடிச்சு விழல. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சு, "மெதுவாக் கட்டுங்க மாமா, நான் எங்கயும் ஓடல"ன்னுச்சு. மண்டபமே சிரிச்சுது. முடிச்சு விழுந்துடுச்சு.

பந்தியில அந்தப் பெரிய மூக்குத்திப் பெரியம்மா வந்து அவர் இலைக்கு எதிர்ல நின்னாங்க. எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. "பொண்ணுக்கு மாமன்னு சொன்னாங்க. ஆனா உங்க பேச்சு நம்ம திருச்சிப் பேச்சா இருக்கே? உங்களுக்கு சிலோன்ல எந்த ஊரு?"

அவர் சோத்துல கையை வச்சுக்கிட்டு நிமிர்ந்தாரு. ஊர்ல இருக்கறவன் பேச்சையெல்லாம் ஒரு நொடியில மாத்தற ஆளு அன்னிக்கு மாத்தல. மாத்திச் சொல்ல மாட்டேன்னு மனசுல சத்தியம் பண்ணியிருப்பாரு போல. "நான் வந்து... பட்டாளத்துல..."ன்னு இழுத்தாரு. நான் அவர் பக்கத்து இலையில பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பாயசம் ஊத்திக்கிட்டு வந்த அக்கா வாளியைக் கீழ வச்சாங்க. "அண்ணை எங்கட ஊர்ல இருந்தவர். சண்டை நேரத்தில, எங்கட சந்தியில"ன்னாங்க.

"அடக் கடவுளே!" பெரியம்மா கையைக் கன்னத்துல வச்சுக்கிட்டாங்க. "அந்தச் சண்டைக்குள்ளயா? எவ்வளவு கஷ்டப்பட்டீங்களோ! தங்கச்சியையும் புள்ளயையும் கரை சேத்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்! டேய், மாமாவுக்கு இன்னும் ரெண்டு வடை கொண்டாடா!"

வடை வந்துச்சு. பெரியம்மா அடுத்த பந்திக்கு ஆள் சேக்கப் போயிட்டாங்க. அக்கா ஒண்ணுமே நடக்காத மாதிரி வாளியைத் தூக்கிக்கிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாங்க. அவர் கண்ணு கலங்கி என்கிட்ட குனிஞ்சு, "ஏம்மா, பொய்யாயிடுச்சே?"ன்னாரு.

"எது பொய்? நீங்க அங்க இருக்கலையா?"

"இருந்தேன்."

"அதைத்தான் அக்கா சொன்னாங்க. மீதியை அவங்களே சேத்துக்கிட்டாங்க. வடை ஆறுது, சாப்பிடுங்க அண்ணே."